லாக் புக்கில் இரண்டு டிகிரி

கட்டடத்தின் ஏ.சி. இயந்திரங்கள் இருக்கும் பிளான்ட் ரூமுக்குள் நுழைந்ததும் முதலில் காதை அடைப்பது இரைச்சல். கம்ப்ரசரின் கூவலும் பம்புகளின் உறுமலும் சேர்ந்து, பக்கத்தில் நிற்பவர் பேசுவதைக்கூடக் கேட்கவிடாது. அந்த இரைச்சலுக்கு நடுவே சுவரோரமாக ஒரு இரும்பு மேசை. அதன்மேல் எண்ணெய்க் கறை படிந்த அட்டையோடு, இயந்திரம் காட்டும் எண்களை மணிக்கு ஒரு முறை எழுதிவைக்கும் ஒரு லாக் புக், நூலில் கட்டித் தொங்கவிட்ட ஒரு பேனா. பெரிய மருத்துவமனையோ, ஐ.டி. கட்டடமோ, துணிக்கடையோ, எங்கே போனாலும் இந்தக் காட்சி பெரிதாக மாறுவதில்லை. பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய சில்லர், அதாவது கட்டடம் முழுவதையும் குளிர்விக்கத் தண்ணீரைக் குளிராக்கி அனுப்பும் இயந்திரம், இருபது ஆண்டு உழைக்குமா, எட்டாவது ஆண்டிலேயே படுத்துவிடுமா என்பதை அந்த நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காரணம் எளிமையானது. சில்லர் தன் நோயை மறைக்கும் இயந்திரம். குழாய்க்குள் உப்புப் பிடித்தாலும், கேஸ் (உள்ளே சுற்றிவரும் குளிர்பதன வாயு) கொஞ்சம் கசிந்தாலும், மேல் மாடியில் குளிர் வந்துகொண்டேதான் இருக்கும். 7 டிகிரியில் தண்ணீர் அனுப்பு என்று சொல்லிவைத்தால், எவ்வளவு மூச்சு வாங்கினாலும் அது 7 டிகிரியில் அனுப்பிவிடும். அதற்காகக் கூடுதலாகக் குடிக்கும் மின்சாரம் மாதக் கடைசியில் பில்லில் கரைந்துபோகும், யாரும் கவனிக்கமாட்டார்கள். பிறகு ஒரு நாள், கத்திரி வெயில் கொளுத்தும் மதியத்தில், அழுத்தம் எகிறி இயந்திரம் நின்றுவிடும். அன்றைக்குத்தான் பழுது வந்ததாக எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் அது ஆறு மாதத்துக்கு முன்பே வந்திருக்கும், லாக் புக்கிலும் எழுதப்பட்டிருக்கும். யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள, சில்லர் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். கட்டடத்தைச் சுற்றிவிட்டு 12 டிகிரியில் திரும்பி வரும் தண்ணீரிலிருந்து, எவாப்பரேட்டர் என்ற உருளைக்குள் திரவமாக இருக்கும் குளிர்பதன வாயு வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு கொதித்து ஆவியாகிறது. தண்ணீர் 7 டிகிரிக்கு இறங்குகிறது. அந்த ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்தி, சூடேற்றி, கண்டென்சர் என்ற மற்றோர் உருளைக்குள் தள்ளுகிறது. அங்கே செம்புக் குழாய்கள் வழியே ஓடும் இன்னொரு தண்ணீர் அந்த வெப்பத்தை வாங்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய், கூலிங் டவரில் காற்றோடு கலந்து, வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. சென்னை போன்ற ஊரில் இந்தத் தண்ணீர் 32 டிகிரியில் கண்டென்சருக்குள் போய் 37 டிகிரியில் வெளியே வரும் என்று வைத்துத்தான் பொதுவாகக் கணக்குப் போடுவார்கள்.

இனி லாக் புக்குக்கு வருவோம். அதில் இரண்டு எண்கள் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். ஒன்று, கண்டென்சருக்குள் வாயு திரவமாக மாறும் வெப்பநிலை. மற்றொன்று, கண்டென்சரை விட்டு வெளியேறும் தண்ணீரின் வெப்பநிலை. முதல் எண் 39, இரண்டாவது 37 என்றால் வித்தியாசம் 2 டிகிரி. தொழிலில் இதை அப்ரோச் என்பார்கள். குழாய்கள் சுத்தமாக இருக்கும் நல்ல இயந்திரத்தில் இது ஒன்றிரண்டு டிகிரிக்குள் அடங்கும். குழாயின் உட்சுவரில் உப்போ பாசியோ படியப் படிய, வெப்பம் தண்ணீருக்குள் இறங்கத் தடுமாறும். வித்தியாசம் 3 ஆகும், 4 ஆகும், 5 ஆகும். தண்ணீர் அதே 37 டிகிரியில்தான் வெளியேறும். கண்டென்சருக்குள் வாயுவின் வெப்பநிலை மட்டும் 42-க்கு ஏறியிருக்கும். கம்ப்ரசர் அந்த உயரத்துக்கு ஏறிப்போய்ச் சுமையை இறக்கிவைக்க வேண்டும்.

ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் கம்ப்ரசர் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் கூடுதல் மின்சாரம் இழுக்கும். 200 டன் சில்லர் ஒன்று 130 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 டிகிரி ஏறினால் ஏறத்தாழ 10 கிலோவாட் வீணாகிறது. நாளைக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 36,000 யூனிட். ஒரு யூனிட் 8 ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 2,88,000 ரூபாய். குழாய்களைத் திறந்து பிரஷ் போட்டுக் கழுவ ஆகும் செலவு இதன் பக்கத்திலேயே வராது. படிவு 0.8 மி.மீ. அளவுக்குத் தடித்துவிட்டால் மின் செலவு 35 சதவீதம் வரை கூடலாம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. வெளியிட்ட கையேடு சொல்கிறது. 0.8 மி.மீ. என்பது பத்து ரூபாய் நாணயத்தின் தடிமனில் பாதிகூட இல்லை.

ஒரு எச்சரிக்கை. இந்த வித்தியாசத்தை ஒப்பிடும்போது சுமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மழை நாளில் பாதிச் சுமையில் ஓடும் இயந்திரம் 2 டிகிரி காட்டுவதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. முழுச் சுமையில், குழாய் கழுவிய மறுநாள் என்ன காட்டியதோ அதுதான் அந்த இயந்திரத்தின் ஆரோக்கிய எண். அதை லாக் புக்கின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவைக்க வேண்டும். இதைச் செய்திருக்கும் பிளான்ட் ரூம்களை நான் விரல்விட்டு எண்ணிவிடுவேன்.

டன் என்ற சொல்லைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. 200 டன் சில்லர் என்றால் அதன் எடை 200 டன் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2,000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை வாங்கிக்கொள்ளுமோ, அதுதான் ஒரு டன் குளிர். கணக்கில் 3.517 கிலோவாட். குளிர் என்றால் ஐஸ் கட்டிதான் என்றிருந்த காலத்தின் மிச்சம் இந்த அளவு. அந்தக் காலம் சென்னைக்கும் தொடர்புடையதுதான். மெரினா கடற்கரைச் சாலையில், இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் வட்டக் கட்டடம், அமெரிக்காவிலிருந்து ஃபிரெடெரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய ஐஸைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்டது. அந்த வட்டாரத்துக்கு ஐஸ் ஹவுஸ் என்ற பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தண்ணீருக்குத் திரும்புவோம், ஏனென்றால் நம் ஊர்களில் சில்லரின் முதல் எதிரி அதுதான். கூலிங் டவர் வெப்பத்தை வெளியேற்றுவது தண்ணீரின் ஒரு பகுதியை ஆவியாக்கித்தான். முழுச் சுமையில் ஒரு டன்னுக்கு மணிக்குச் சுமார் 6 லிட்டர் போகும். 200 டன் இயந்திரம் 10 மணி நேரம் ஓடினால் 12,000 லிட்டர், அதாவது ஒரு தண்ணீர் லாரி முழுவதும் காற்றில் கரைந்துவிடும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, அதில் கரைந்திருந்த உப்பு டவரிலேயே தங்கிவிடும். லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் உப்புள்ள போர்வெல் தண்ணீரை ஊற்றினால், ஒரே நாளில் 12 கிலோ உப்பு உள்ளே சேருகிறது. நாளைக்கும் 12 கிலோ, மறுநாளும் 12 கிலோ. இந்தக் கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பார்த்தவர் பிறகு டவரை அலட்சியமாக விடமாட்டார்.

வீட்டில் வெந்நீர் போடும் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டுமே, அதே கால்சியம் கார்பனேட்தான் இங்கேயும். சர்க்கரையைப் போல வெந்நீரில் நன்றாகக் கரைகிற பொருள் அல்ல அது. தண்ணீர் சூடாக ஆக அதன் கரைதிறன் குறையும். ஆகவே சுற்றுப்பாதையிலேயே மிகச் சூடான இடத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடம் கண்டென்சர் குழாயின் உட்சுவர். வெப்பம் தங்குதடையின்றிக் கடக்க வேண்டும் என்றே செம்பில் செய்த குழாய் அது. செம்பு கடத்தும் வெப்பத்தில் நூறில் ஒரு பங்கைக்கூட இந்த வெள்ளைப் பொருக்கு கடத்தாது.

ஆகவே டவர் தண்ணீரில் ஒரு பகுதியை அவ்வப்போது திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். இதை பிளோ டவுன் என்பார்கள். உப்பின் அளவு புதுத் தண்ணீரில் இருப்பதைப்போல் நான்கு மடங்கைத் தாண்டக்கூடாது என்று வைத்தால், மேலே சொன்ன இயந்திரத்தில் மணிக்கு 400 லிட்டர் வெளியேற்ற வேண்டும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் கட்டடங்களில் இந்த வால்வை மூடச் சொல்லிவிடுவார்கள். 2019 கோடையில் சென்னை வறண்டபோது இது பரவலாக நடந்ததை நான் அறிவேன். தண்ணீரில்லாத நேரத்தில் யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வால்வை மூடினால் உப்பு வேறெங்கும் போகாது, குழாயில்தான் ஏறும். தண்ணீரை மிச்சப்படுத்த வேண்டுமானால் வழி முன்பக்கத்தில் இருக்கிறது: தண்ணீரில் உள்ள கால்சியத்தை நீக்கும் சாஃப்ட்னர் வைப்பது, சுத்திகரித்த கழிவுநீரைப் பக்குவப்படுத்தி டவருக்குத் தருவது. சாஃப்ட்னர் வைத்துவிட்டு, அது வேலை செய்யப் போட வேண்டிய உப்பைப் போட மறந்துவிடுகிற கட்டடங்களும் நிறைய. அது வெறும் தொட்டிதான்.

டவரில் வளர்வது உப்பு மட்டுமல்ல. 1976-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஹோட்டலில் கூடிய முன்னாள் படைவீரர்களுக்கு இனம் தெரியாத நிமோனியா வந்தது. ஏறக்குறைய 30 பேர் இறந்தார்கள். காரணமான கிருமி அடுத்த ஆண்டுதான் அடையாளம் காணப்பட்டது. லீஜியனெல்லா என்று பெயரிட்டார்கள். ஹோட்டலின் ஏ.சி. அமைப்பின் கூலிங் டவர்மீது சந்தேகம் விழுந்தது. வெதுவெதுப்பான தண்ணீரும் சேறும் பாசியும் அந்தக் கிருமிக்குப் பிடித்தவை. டவரிலிருந்து கிளம்பும் நுண்திவலைகள் அதைச் சுமந்துகொண்டு பக்கத்து ஜன்னல் வரை போகும். டவர் தொட்டியின் அடியில் கைவிட்டுச் சேறு எடுப்பதும், கிருமிக்கொல்லி மருந்தைக் கணக்குப்படி போடுவதும் ஏதோ துப்புரவு வேலை என்று ஒதுக்கத்தக்கவை அல்ல. மருத்துவமனைக் கட்டடங்களில் அவை உயிர்ப் பிரச்சினை.

அடுத்து எண்ணெய். இதில் நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு திருமண மண்டபத்தில் முகூர்த்தமில்லாத மாதம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று நிர்வாகி மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போயிருந்தார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். மாதம் பிறந்து, முதல் முகூர்த்தத்தின் காலையில் சுவிட்சைப் போட்டு, உடனே இயந்திரத்தையும் ஓட்டினார்கள். சில நிமிடங்களில் கம்ப்ரசருக்குள் கல் உருளுவது போல் சத்தம், பிறகு அமைதி. திறந்து பார்த்தபோது பேரிங் தேய்ந்து, சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது.

நடந்தது இதுதான். கம்ப்ரசரின் அடிப்பகுதியில், எண்ணெயை வெதுவெதுப்பாக வைக்க ஒரு சின்ன ஹீட்டர் இருக்கும். இயந்திரம் ஓடாதபோதும் அது எரிந்துகொண்டிருக்க வேண்டும். அது அணைந்தால், குளிர்ந்த எண்ணெய்க்குள் குளிர்பதன வாயு மெல்ல மெல்லப் போய்க் கரைந்துவிடும். பிறகு இயந்திரத்தைக் கிளப்பியதும் உள்ளழுத்தம் சட்டென்று இறங்கும். கரைந்திருந்த வாயு ஒரே நேரத்தில் கொதித்துக் கிளம்பும். பால் பொங்கி வழிவது போல எண்ணெய் நுரைத்து, கம்ப்ரசரை விட்டே வெளியேறிவிடும். எண்ணெயில்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசும். அதனால்தான் நீண்ட ஓய்வுக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் ஹீட்டரை எரியவிட்டுத்தான் கிளப்ப வேண்டும் என்று பல நிறுவனங்கள் இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுகின்றன. அந்த மண்டபத்து இயந்திரத்திலும் அது ஒட்டப்பட்டிருந்தது, ஆங்கிலத்தில். ஓட்டுகிறவர் படிக்கும் மொழியில் நான்கு வரி எழுதி ஒட்டுவது பராமரிப்பின் முதல் வேலைகளில் ஒன்று என்று அன்றிலிருந்து சொல்லிவருகிறேன்.

கேஸ் விஷயத்தில் நம்மிடம் ஒரு கெட்ட பழக்கம் வேரூன்றியிருக்கிறது. குளிர் குறைந்தால் உடனே கேஸ் போடச் சொல்கிறோம். மூடிய சுற்றில் ஓடும் வாயு பெட்ரோல் போலச் செலவாகிற பொருள் அல்ல. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் சிலிண்டரை மாட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். சோப்பு நுரை, கசிவுக் கருவி, பிறகு நைட்ரஜன் அடைத்து அழுத்தச் சோதனை என்று வரிசையாகப் போக வேண்டும். நைட்ரஜன் கிடைக்கவில்லை என்று ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டுவது தற்கொலைக்குச் சமம். எண்ணெயும் அழுத்தமேறிய ஆக்சிஜனும் சேர்ந்தால் வெடிக்கும். இதை இந்தத் தொழிலில் காலெடுத்து வைக்கும் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

கசியும் வாயு எங்கே போகிறது என்பதும் நம் கவலையாக வேண்டும். ஆர்-22 என்ற பழைய குளிர்பதன வாயு ஓசோன் படலத்தை அரிப்பது. 1987 மாண்ட்ரீல் உடன்படிக்கையின் வழியில் இந்தியா அதை 2030-க்குள் ஏறக்குறைய முழுவதுமாகக் கைவிட வேண்டும். அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ, ஆர்-404ஏ போன்றவை ஓசோனைத் தொடுவதில்லை, ஆனால் பூமியைச் சூடாக்குகின்றன. குளிர்பதனக் கிடங்குகளில் புழங்கும் ஆர்-404ஏ ஒரு கிலோ கசிந்தால், கிட்டத்தட்ட 3.9 டன் கார்பன் டை ஆக்சைடை வெளியேற்றியதற்குச் சமம். இவற்றைக் குறைக்க 2016-இல் ருவாண்டாவின் கிகாலியில் ஒப்பந்தம் ஏற்பட்டது, 2021-இல் இந்தியாவும் அதை ஏற்றது. ஒரு நட்டை இறுக்காமல் விடுவதன் கணக்கு அவ்வளவு தூரம் போகிறது.

மீன், பால், காய்கறி காக்கும் குளிர்பதன அறைகளில் கதை கொஞ்சம் மாறும். மைனஸ் 18 டிகிரி அறையில் எதிரி ஈரக்காற்று. கதவு திறக்கும்போதெல்லாம் அது உள்ளே புகுந்து, அறையைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலின்மேல் உறைபனியாகப் படிந்து, காயிலுக்கே கம்பளி போர்த்திவிடும். கதவு ஓரத்து ரப்பர் கேஸ்கெட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். இறுக்கமாகப் பிடித்தால் நல்லது, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் காற்று போய் வருகிறது. நான்கு பக்கமும் இப்படிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கிராமத்துப் பால் குளிர்விப்பு மையங்களில் வெளிக் கண்டென்சரின் அலுமினியத் தகடுகளில் வைக்கோல் தூசி அப்பிக்கொள்ளும். வாரம் ஒரு முறை மென்மையான பிரஷ் போட்டாலே பால் 4 டிகிரிக்கு இறங்கும் நேரம் கண்கூடாகக் குறையும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று அந்தத் தகடுகளைத் தின்றுவிடும் என்பதால் நல்ல தண்ணீரால், குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளிப்பக்கமாகக் கழுவ வேண்டும்.

பெரிய மீன் பதனிடும் ஆலைகளிலும் ஐஸ் ஆலைகளிலும் குளிர்பதன வாயு அமோனியாதான். மலிவு, திறமைமிக்கது, ஓசோனுக்கும் பூமியின் சூட்டுக்கும் பாதகமில்லாதது. ஆனால் மூச்சில் ஏறினால் நுரையீரலைச் சுடும். 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதனிடும் ஆலையில் அமோனியா பரவி, வேலையில் இருந்த பெண்கள் பலர் மயங்கி மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். இந்த ஆலைகளின் வரிசைகளில் நின்று மீன் வெட்டி, இறால் உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இயந்திர அறையில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

அமோனியா அமைப்பில் எனக்கு மிகவும் அச்சம் தருவது எண்ணெய் வடிக்கும் வேலை. திரவ அமோனியாவைவிட எண்ணெய் கனமானது. பாத்திரத்தின் அடியில் தேங்கும், அதைக் கையால் வால்வைத் திறந்து வடிக்க வேண்டும். எண்ணெய் தீர்ந்து அமோனியா பீறிடும் கணம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பயந்து கையை எடுத்துவிட்டு ஓடினால் சாதாரண வால்வு திறந்தபடியே கிடக்கும். அதற்காகத்தான் ஸ்பிரிங் வைத்து, கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் வால்வு ஒன்றைக் கூடுதலாகப் பொருத்தச் சொல்கிறார்கள். அதன் விலை ஓர் உயிருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அந்த வேலைக்கு எப்போதும் இரண்டு பேர் போக வேண்டும். முகக்கவசம் அலமாரியில் பூட்டியிருக்கக் கூடாது, கைக்கெட்டும் தூரத்தில் தொங்க வேண்டும். கூரைமேல் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் கிழியாமல் இருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்று அந்தப் பெண்களுக்கு அதுதான் சொல்லும்.

இவ்வளவையும் யார் செய்கிறார்கள்? ஐ.டி.ஐ.யில் இரண்டு ஆண்டு குளிர்சாதனத் தொழில் படித்துவிட்டு வந்த இளைஞர்கள். ஒப்பந்தக் கூலி, 12 மணி நேர ஷிப்ட். ஒரு மணிக்கு ஒரு முறை எழுத வேண்டிய எண்களை, விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து இரவு முழுவதற்கும் சேர்த்து எழுதிவிடுகிறார்கள் என்று மேலதிகாரிகள் கோபப்படுவதுண்டு. அப்படி எழுதிய பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். 7.0, 12.0, 7.0, 12.0 என்று கோலப்புள்ளி போல ஒரே சீராக இறங்கும். உண்மையான இயந்திரம் ஒருபோதும் அவ்வளவு சீராக இருக்காது. ஆனால் என் கேள்வி வேறு: அந்தப் பக்கத்தின் அடியில் பொறியாளரின் கையெழுத்து இருந்ததே, அவர் எதைப் படித்துவிட்டுப் போட்டார்? நாம் எழுதுவதை யாரும் படிப்பதில்லை என்று தெரிந்த பிறகு, எந்தப் பையன் இரவு மூன்று மணிக்கு எழுந்துபோய் கேஜைப் பார்ப்பான்?

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களிலும் இதே கதைதான். எவ்வளவு குறைவாகக் கேட்கிறார் என்று பார்த்து ஒருவருக்குக் கொடுக்கிறார்கள். அவர் காலாண்டுக்கு ஒரு முறை வந்து, துடைத்து, ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டத்திலும் சரி என்று குறித்துக் கையெழுத்து வாங்கிப் போவார். அந்தத் தொகைக்கு அதற்குமேல் செய்ய அவருக்கும் கட்டாது. ஒப்பந்தம் போடும்போது கேட்க வேண்டியவை வேறு. கண்டென்சர் மூடியைத் திறந்து குழாய்களை பிரஷ் போடுவது ஆண்டுக்கு எத்தனை முறை? எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பி அமிலமும் உலோகத் துகளும் பார்ப்பது உண்டா? குழாய்ச் சுவரின் தடிமனை எடி கரண்ட் சோதனையால் எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பார்கள்? குழாய் கழுவிய மறுநாள் அப்ரோச் எவ்வளவு இறங்கியது என்று எழுதித் தருவார்களா? கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே, வேலை தெரிந்தவர் யார் என்பது விளங்கிவிடும்.

லாக் ஷீட் அச்சடிக்கக் கொடுக்கும்போது ஒரே ஒரு கட்டம் கூட்டிக்கொள்ளுங்கள். வாயுவின் வெப்பநிலையையும் தண்ணீரின் வெப்பநிலையையும் எழுதச் சொல்லும் பெரும்பாலான தாள்களில் இரண்டும் தனித்தனியாகவே இருக்கின்றன. கழித்து எழுத இடமே இல்லை. அந்தக் கட்டத்தைச் சேர்த்து, மேலே சிவப்பு மையில் 'கழுவியபோது 2' என்று அச்சடித்துவிட்டால், இரவு ஷிப்டில் இருக்கும் பையன் 4 என்று எழுதும்போது அவனுக்கே உறுத்தும். மறுநாள் காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, "எப்போதிலிருந்து தம்பி இப்படிக் காட்டுகிறது?" என்று கேட்க ஒருவர் இருக்க வேண்டும்.